பதினாறு எண்ணும்வரை

அப்பாவுக்கு எண்ணிக்கை தவறுகிறது. ஐந்து நாளாகப் பாப்பாவால் இந்த ஒரு விஷயத்தை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

பாப்பா என்றதும் பால் குடிக்கிற குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். வயது நாற்பத்து நாலு. வார நாட்களில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கின் முன் மேஜையில் உட்கார்ந்து பல்வலிக்காரர்களுக்கு நேரம் ஒதுக்கித் தருபவள். சனி, ஞாயிறு மாலைகளில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் ஜாஸ் பாடுபவள். சூட்கேஸை இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நடுவே இருபது வருஷம் பாடித் தள்ளிவிட்டு, இப்போதுதான் சொந்தமாக முதல் ஆல்பம் போடுகிறாள். மொத்தம் பதினோரு பாட்டு. எட்டு, உலகத்து ஜாஸ்காரர்கள் எல்லாரும் பாடிப் பாடித் தேய்த்த பழம்பாடல்கள். மூன்று, அவளே எழுதி மெட்டமைத்தவை.

டிரம்ஸ் அப்பா. டபுள் பாஸ் தம்பி. ஆளைவிட உயரமான அந்த வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு தம்பி மாடி ஏறுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பிழைப்புக்கு அவன் பார்ப்பது லிஃப்ட் மெக்கானிக் வேலை என்று தெரிந்தால் சிரிப்பும் வரும். பியானோவுக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியார்.

பத்துப் பாட்டு பதிவாகிவிட்டது. தொல்லை அதில் இரண்டில்தான்.

இந்த மாதிரிப் பாட்டுகளில் நடுவே டிரம்ஸ் தனியாகப் பேசுகிற இடம் ஒன்று உண்டு. நாலு தட்டு சேர்ந்தால் ஒரு பார். குடிக்கிற பார் இல்லை, தாளக் கணக்கு. பதினாறு பாருக்கு மற்றவர்கள் கையையும் வாயையும் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முடிகிற நேரத்தில் டிரம்ஸ்காரர் ஒரு உருட்டு உருட்டுவார். உள்ளே வா என்று அர்த்தம். பாடகி நுழைவாள். அதுவரை எண்ணிக்கை முழுக்க டிரம்ஸ்காரர் பொறுப்பு.

செவ்வாய்க்கிழமை மழைப் பாட்டில் அந்தப் பதினாறு எட்டாகச் சுருங்கியது. வியாழக்கிழமை ரயில் பாட்டில் இருபத்து நாலாக நீண்டது. இரண்டு தடவையும் அப்பா குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டு, யாரும் கேட்பதற்கு முன்பே, எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது, தப்பு தன்மேல்தான் என்று சொல்லிவிட்டார். வெளியாள் கேட்டால் தெரியாத அளவுக்கு அவரே ஒட்டுப்போட்டுச் சமாளித்தும் இருந்தார். ஆனால் ஐம்பது வருஷம் கப்பல்களிலும் ஹோட்டல்களிலும் தட்டிய கை அது. ஒரு தடவை தப்பினால் தூக்கக் கலக்கம். ஒரே வாரத்தில் இரண்டு தடவை என்றால்?

வேறு வீடாக இருந்தால் வயசாகிவிட்டது என்று விட்டிருப்பார்கள். இந்த வீட்டில் அப்படி விட முடியாது. காரணம் அம்மா. நாற்பத்தைந்து வயதில் மறக்க ஆரம்பித்து, ஒன்பது வருஷம் சொந்த வீட்டிலேயே வழி கேட்டு நடந்து, கண்ணாடியில் தெரிந்தவளை உட்காரச் சொல்லி உபசரித்துப் போய்ச் சேர்ந்தவள்.

இன்று சனிக்கிழமை. பதினோராவது பாட்டு. அவளே எழுதியது.

காலை ஏழரைக்குத் தம்பி போன் செய்தான். வேறொரு டிரம்ஸ்காரரிடம் பேசிவிட்டானாம், மூன்று மணிக்கு வந்துவிடுவாராம், கடைசிப் பாட்டுக்கு மட்டும். யாரைக் கேட்டு ஏற்பாடு செய்தாய் என்று பாப்பா சீறினாள். அவன் பதிலுக்குச் சீறவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அக்கா, அம்மாகிட்டயும் இப்படித்தான் வியாதியை ஆளாளுக்கு மூடி மறைச்சோம். என்ன ஆச்சு? நீ சொன்னாத்தான் அப்பா கேப்பார். பஸ்ல வரும்போதே சொல்லிடு."

சொல்கிறேன் என்று போனை வைத்தாள்.

அப்பா குடியிருப்பது மூன்றாவது மாடி. ஆனால் சில வாரங்களாக அவர் மாடியில் காத்திருப்பதில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, குச்சிப் பையைத் தோளில் மாட்டி, கீழே தெருவிலேயே நின்று அவள் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். தனியாக வீட்டில் இருக்கப் பயப்படுகிறாரோ என்று நினைத்தாள்.

தெருவைக் கடக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் உட்கார்ந்ததும், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சொன்னாள். இன்றைக்கு என்ன பாட்டு என்றார். சொன்னாள். கொஞ்ச தூரம் போனதும், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று மறுபடி கேட்டார். அம்மாவும் இதே மாதிரிதான், கேட்டதையே கேட்பாள். பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வேறு ஆள் வருகிறார் என்ற செய்தி தொண்டைக்குழி வரை வந்தது. அவர் கை அவள் கைமேல் இருந்தது. வந்த செய்தியை அப்படியே முழுங்கிவிட்டாள்.

ஸ்டூடியோ இருந்த கட்டடம் ஒரு காலத்தில் ஐஸ் கிடங்கு. சுவர் அத்தனை கனம். வெளியே லாரி போனாலும் உள்ளே தெரியாது. அதை நடத்துகிற ஒலிப்பதிவாளர் ஒரு பெண்மணி, வாயில் எப்போதும் ஒரு புளிப்பு மிட்டாய், பேச்சிலும் அதே புளிப்பு. யாரையும் நன்றாகப் பாடினாய் என்று சொல்லிவிட மாட்டார். சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னால் பெரிய பரிசு.

பாப்பா பாடுவது அலமாரி அளவு கண்ணாடி அறையில். மற்ற மூவரும் வெளியே கூடத்தில். எல்லார் காதிலும் ஹெட்ஃபோன், ஒவ்வொருவருக்கும் வேண்டிய அளவில் சத்தம். தம்பிக்கும் வாத்தியாருக்கும் டிரம்ஸ் தூக்கலாக வேண்டும். அப்பாவுக்கு மட்டும் பாப்பாவின் குரல் போதும், மற்றவர்கள் எக்கேடு கெட்டாலும் கவலையில்லை என்பார்.

அன்று வந்ததும் அப்பா வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு டீ வாங்கக் கீழே போனார். தம்பி அதற்காகவே காத்திருந்தவன் போலக் கதவைச் சாத்தினான். சொல்லிவிட்டாயா என்று கண்ணால் கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள். அவனுக்கு முகம் சிவந்தது. நேரே ஒலிப்பதிவாளரிடம் போய், வியாழக்கிழமை எடுத்த ரயில் பாட்டில் டிரம்ஸை மட்டும் தனியாகப் போடச் சொன்னான். அக்கா தன் காதால் கேட்டால்தான் நம்புவாள் என்றான்.

போட்டார். அப்பாவின் கை தனியாக ஓடியது. தம்பி விரல் விட்டு எண்ணினான். பதினான்கு. பதினைந்து. பதினாறு.

உருட்டு வந்தது. பளிச்சென்று, கதவைத் திறந்து வைத்த மாதிரி.

தம்பியின் விரல் அந்தரத்தில் நின்றது. அப்பா இன்னும் நாலு பார் வாசித்தார். மறுபடி உருட்டு. இன்னும் நாலு. மூன்றாவது உருட்டு. பாட்டு அதற்குப் பிறகுதான் தொடர்ந்தது.

தம்பி திரும்பத் திரும்பப் போடச் சொல்லி மூன்று முறை கேட்டான். ஒலிப்பதிவாளருக்குப் பொறுமை போயிற்று.

"அவர் சரியாத்தாங்க கூப்பிட்டிருக்கார். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. உங்க அக்கா ஏன் வரல, அதைக் கேளுங்க."

பாப்பாவுக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. உருட்டு தன் காதில் விழவே இல்லை, ஹெட்ஃபோனில்தான் ஏதோ கோளாறு என்றாள். ஒரு சமையல்காரரிடம் போய் உங்கள் அடுப்பு எரியவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. ஒலிப்பதிவாளர் மிட்டாயைக் கடித்து நொறுக்கினார். தன் ஹெட்ஃபோனில் ஒரு குறையும் இல்லை, இதோ நிரூபிக்கிறேன் என்று பாப்பாவின் மைக்கை மட்டும் தனியாகத் திறந்தார். பாடாத இடங்களில் அந்த மைக்கைத் தன் ஸ்பீக்கரில் மட்டும் மூடிவிடுவது அவர் வழக்கம், பதிவு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மூச்சும் கனைப்பும் எதற்கு என்று. அதனால் அந்த இடத்தை அதுவரை அவரும் கேட்டதில்லை.

முதலில் ஹெட்ஃபோனிலிருந்து கசிகிற டிரம்ஸ், மெல்லிசாக. உருட்டு தெளிவாகவே விழுந்தது. கோளாறு இல்லை. பிறகு ஒரு குரல். மிகவும் சன்னமாக, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிற மாதிரி.

"இது என்ன பாட்டு?"

மூச்சு. இரண்டாவது உருட்டு.

"என்ன பாட்டுன்னு யாராவது சொல்லுங்களேன்."

மூன்றாவது உருட்டு. உடனே அதே குரல் வயிற்றிலிருந்து முழுசாக எழுந்து, சரியான வார்த்தையில், சரியான சுருதியில் பாடிக்கொண்டு போனது.

பாப்பா அந்த இயந்திரத்தையே பார்த்தாள். அப்படிப் பேசியதாக அவளுக்கு நினைவே இல்லை. வியாழக்கிழமை பாடிய ஒவ்வொரு வரியும் நினைவிருந்தது. முடித்ததும் தண்ணீர் குடித்தது நினைவிருந்தது. இது மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள்.

ஒலிப்பதிவாளர் செவ்வாய்க்கிழமை மழைப் பாட்டை எடுத்துப் போட்டார். அப்பா எட்டாவது பாரில் ஒரு வாசிப்பின் பாதியில் இருக்கிறார். பாப்பா நுழைந்துவிடுகிறாள். அப்பாவின் கை ஒரு தட்டு தடுக்கி, வாசித்ததை அப்படியே வெட்டிவிட்டு, அவளுக்குப் பின்னால் அவசரமாக ஒரு உருட்டு உருட்டுகிறது. அவள் வந்த பிறகு அழைப்பு.

பாப்பாவுக்குப் போன மாதம் கிளினிக்கில் ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நின்றதும், கம்ப்யூட்டர்மேல் பழியைப் போட்டதும் நினைவுக்கு வந்தது. அப்பா தெருவில் நின்றது, கையைப் பிடித்தது, சாப்பிட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்டது. அவர் மறந்துபோய்க் கேட்கவில்லை. அவளுக்கு நினைவிருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்.

கதவு திறந்தது. டீ டம்ளர்களோடு அப்பா நின்றார். மூன்று முகங்களையும் பார்த்தார். திரையில் டிரம்ஸோடு பாப்பாவின் மைக் பதிவுக்கோடு மட்டும் ஓடுவதைப் பார்த்தார். டம்ளர்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

பின்பக்கப் படிக்கட்டில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். கீழே யாரோ காலி அட்டைப்பெட்டிகளை மிதித்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"பத்து மாசம் இருக்கும்."

"பழியை எல்லாம் நீங்க ஏன் தலையில போட்டுக்கிட்டீங்க?"

"எனக்கு எழுபத்து மூணு. நான் மறந்தா வயசுன்னு விட்டுடுவாங்க. உனக்கு நாப்பத்து நாலு, பாப்பா. உன்னை விடமாட்டாங்க."

டாக்டரிடம் ஏன் கூட்டிப்போகவில்லை என்று அவள் கேட்டாள். அம்மாவை முதல் வாரமே கூட்டிப்போனேன் என்றார். டாக்டர் வியாதிக்கு ஒரு பெயர் சொன்ன அன்றிலிருந்து, அடுப்பைத் தொடாதே, கதவைத் திறக்காதே, சாவியை இங்கே கொடு என்று அவளிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டோம் என்றார். வியாதி அவளைத் தின்ன ரொம்ப நாள் ஆயிற்று, நாம்தான் ஆறே மாதத்தில் தின்றுவிட்டோம் என்றார். இந்த ஆல்பம் முடியும்வரை பாப்பா கையிலிருந்து மைக்கை யாரும் பிடுங்கக்கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு.

சரியான கணக்கா, தப்பான கணக்கா, நீங்களே சொல்லுங்கள். எனக்கு அவர்மேல் கோபமும் வருகிறது, கட்டிக்கொள்ளவும் தோன்றுகிறது.

"பயமா இருக்குப்பா."

"எனக்கும்தான்," என்றார் அப்பா. ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள்.

அவள் ஒரே ஒரு சத்தியம் கேட்டாள். இனிமேல் அவள் தவறினால் தவறு என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். ஒட்டுப்போடக் கூடாது, பழியை ஏற்கக் கூடாது. எங்கே விழுந்தோம் என்று தெரியாமல் இருப்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயம். அப்பா தலையை ஆட்டினார். வாயால் சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்று சொன்னார்.

உள்ளே தம்பி சுவரோரம் நின்று அந்த இன்னொரு டிரம்ஸ்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். காரணம் கேட்டிருப்பார் போல. தம்பிக்கு ஒரு பொய்யும் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்தான். பாப்பாவைப் பார்த்ததும், கிளம்பு, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். திங்கட்கிழமை நானே வருகிறேன், இன்றைக்கு இந்தப் பாட்டு என்றாள் அவள். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஏற்கெனவே டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டிருந்தார். வாத்தியாருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. டீ ஆறிப்போனதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி ஒரு தாளில் பாட்டு வரிகளைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கண்ணாடி அறைக்குள் ஒட்டினான். அவள் எழுதிய பாட்டை அவளுக்கே எழுதிக் காட்டுகிறான். பாப்பாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அதைக் கிழித்துப் போடத் தைரியம் வரவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. ஹோட்டல் வரவேற்பறையில் அறை கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் சூட்கேஸ்மேல் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பற்றிய பாட்டு அது. முதல் பாதி போனது. குரல் கொஞ்சம் நடுங்கியது, அது அந்தப் பாட்டுக்குப் பொருந்தியது.

டிரம்ஸ் தனியாக எழுந்தது. இதுவரை வாழ்க்கையில் அவள் எண்ணியதே கிடையாது. அப்பா இருக்கும்போது மகள் எதற்கு எண்ண வேண்டும்? இன்று எண்ணினாள். கட்டைவிரல் நகத்தால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனாள். ஆறு. ஏழு. நடுவில் நினைவு எங்கேயாவது வழுக்குகிறதா என்று தனக்குள்ளேயே எட்டி எட்டிப் பார்த்தாள். இருட்டில் படி இறங்குகிற மாதிரி ஒவ்வொரு எண்ணாகக் காலை வைத்தாள். பதிமூன்று. பதினான்கு. நெஞ்சு அடிக்கிற அடி மைக்கில் விழுந்துவிடுமோ என்று இருந்தது.

பதினாறு. உருட்டு. நுழைந்தாள்.

கடைசி வரிவரை பாடி முடித்தாள். பியானோவின் ஒலி மெல்ல அடங்கியது. யாரும் இருமாமல் பத்து நொடி நின்றார்கள். சரியாக வந்துவிட்டது என்று பாப்பாவுக்கு நிச்சயமாகத் தோன்றியது. வியாழக்கிழமையும் இப்படித்தான் நிச்சயமாகத் தோன்றியது என்பது அடுத்த நொடி நினைவுக்கு வந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வெளியே வந்து, எப்படி இருந்தது என்று கேட்டாள்.

வாத்தியார் பிரமாதம் என்றார். அவர் வகுப்பில் அபசுரமாகப் பாடுகிற பிள்ளைகளிடமும் அதையேதான் சொல்வார். தம்பி ரொம்ப நன்றாக வந்தது என்றான், வாத்தியத்தை உறையில் போடக் குனிந்துகொண்டே. நிமிரவில்லை.

"அப்பா, பதினாறுதானே?"

"பதினாறுதான், பாப்பா."

அவர் சிரித்தார். அவள் அந்த முகத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினாள். சத்தியம் செய்த முகம்தான். பத்து மாதம் அவளிடம் பொய் சொன்னதும் இதே முகம்தான், இதே சிரிப்போடு. இரண்டுக்கும் நடுவே ஒரு வித்தியாசம்கூட அவளுக்குத் தெரியவில்லை.

சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. இங்கே உறவு, பாசம், பரிதாபம் எதுவும் இல்லாத ஆள் ஒருவர்தான். பாப்பா கட்டுப்பாட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இப்போது எடுத்ததில் டிரம்ஸையும் தன் மைக்கையும் மட்டும் போடச் சொன்னாள்.

ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்தவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.